புல்தரை ஏரேட்டர்: துளை போடுவது இருக்கட்டும், முதலில் நிற்கிறதா என்று பாருங்கள்

இந்த ஏரேட்டர் மண்ணில் நன்றாகத் துளை போடுகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துளைகளைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. மரப்பெட்டியிலிருந்து வெளியே வந்ததற்கும் முதன்முறையாகப் புல்லில் இறங்கியதற்கும் இடைப்பட்ட நேரத்தில் இந்த இயந்திரம் எப்படி இருந்தது, கூடவே வந்த கையேடு எந்த இடத்தில் கைகொடுத்தது, எந்த இடத்தில் கைவிட்டது என்பதையே எழுத விரும்புகிறேன். நான் படித்த விமர்சனங்கள் பலவும் என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஆரம்பிக்கின்றன. கை கால் சிக்குவதற்கான காரணங்களோ பெரும்பாலும் அதற்கு முன்பே அமைந்துவிடுகின்றன.

பயிற்சிக்கூடத்தில் சிறிய என்ஜின்களைப் பற்றிப் பாடம் நடத்துபவள் நான். புதிய இயந்திரம் எது வந்தாலும் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைவிட, கையை எடுத்தவுடன் நிற்குமா என்றுதான் என் கண் முதலில் தேடும். அந்தக் கண்ணோடு எழுதிய விமர்சனம் இது.

இது பின்னால் நடந்து இயக்கும் வகை. என்ஜின் ஹோண்டா ஜிஎக்ஸ்120. ஒற்றைச் சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், 118 சிசி. என்ஜினிலிருந்து பெல்ட் வழியாக ஒரு தண்டுக்கும், அங்கிருந்து செயின் வழியாக அடியில் உள்ள உருளைக்கும் விசை போகிறது. உருளையைச் சுற்றிலும் விரல் தடிமனில் உள்ளீடற்ற குழாய்ப் பற்கள். அவை மண்ணில் குத்தி, சுமார் ஏழு சென்டிமீட்டர் ஆழம் வரை சிறு மண் உருளைகளைப் பெயர்த்து மேலே போட்டுவிட்டுப் போகும். மிதிபட்டு இறுகிய புல்தரையில் வேருக்குக் காற்றும் நீரும் இறங்க வழி செய்வதற்கே இந்த வேலை. மண்ணை வெளியே எடுக்காமல் ஆணிபோல் குத்தும் மலிவான கருவிகள் துளையைச் சுற்றியுள்ள மண்ணை மேலும் இறுக்கிவிடக்கூடும். குழாய்ப் பற்கள் அப்படிச் செய்வதில்லை. எடை நூறு கிலோவைத் தாண்டும். இந்த எடைதான் பற்களை மண்ணுக்குள் இறக்குகிறது. கவனம் தவறினால் காலில் ஏறுவதும் இதே எடைதான்.

பெட்டியைப் பிரிப்பதற்குக் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். என் தம்பியை வரச் சொல்லியிருந்தேன். மரச்சட்டங்களை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, பிடுங்கிய ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டு, தரையைச் சுத்தம் செய்த பிறகே இயந்திரத்தில் கை வைத்தோம். சாய்வுப் பலகை வைத்துச் சக்கரத்தில் இறக்க வேண்டும், தூக்க முயலக்கூடாது. பற்களின் முனைகள் புதிதாக இருக்கும்போது கத்தி விளிம்புபோல் கூர்மையாக இருக்கின்றன. தடித்த தோல் கையுறை இல்லாமல் உருளைப் பக்கம் யாரும் போக வேண்டாம். இந்த நிறுவனம் பற்களின் மேல் தடித்த அட்டையைச் சுற்றி அனுப்பியிருந்தது. சிறிய விஷயம்தான், ஆனால் இதை யோசித்துச் செய்த ஒருவர் அந்தத் தொழிற்சாலையில் இருக்கிறார் என்பது எனக்கு நிறைவாக இருந்தது.

அடுத்து, என்ஜினுக்குள் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றினேன். பெட்ரோலே ஊற்றாத என்ஜினில் எதற்கு என்று தம்பி கேட்டான். தொழிற்சாலையில் ஓட்டிச் சோதித்திருந்தால் கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருக்கலாம். உருளையைக் கையால் சுற்றும்போது பெல்ட் இறுகியிருந்தால் என்ஜினும் சேர்ந்து சுற்றலாம். இரண்டும் ஒன்றாக நடப்பது அரிது. அந்த அரிதான நேரத்தில் விரல் பற்களுக்கிடையே இருக்கக்கூடாது. வயரைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி தள்ளி ஒதுக்கி வைக்க ஒரு நொடி போதும். பற்கள், செயின், பெல்ட், கேபிள் இவற்றில் எதைத் தொடுவதானாலும் அதுவே முதல் வேலை. கையேடும் இதைத் தடித்த எழுத்தில், சரியான இடத்தில், முதல் பக்கத்திலேயே சொல்கிறது.

கைப்பிடி மடித்த நிலையில் வருகிறது. அதை நிமிர்த்தும்போது, கைப்பிடியிலிருந்து பெல்ட்டை இறுக்கும் கிளட்ச் கேபிள் மடிப்புக்குள் சிக்கி நசுங்க வாய்ப்பு உண்டு. ஒருவர் கைப்பிடியை உயர்த்த, மற்றவர் கேபிளை ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கைப்பிடி போல்ட்டுகளுக்கு நைலான் வளையம் உள்ள நட்டுகள் தந்திருக்கிறார்கள். அதிர்வில் தளராமல் பிடிப்பவை அவை. ஆனால் பலமுறை கழற்றி மாட்டினால் பிடிப்பு போய்விடும், எனவே உயரத்தை முதலிலேயே சரியாகத் தீர்மானித்துக்கொண்டு இறுக்குங்கள். என் உயரத்துக்கு நடுத் துளை பொருந்தியது. முழங்கை லேசாக மடிந்த நிலையில் கைப்பிடி கைக்கு எட்ட வேண்டும். குனிந்துகொண்டு நூறு கிலோ இயந்திரத்தைத் திருப்பினால் இடுப்புதான் விலை கொடுக்கும்.

சக்கரங்களின் காற்றழுத்தத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் வைக்க வேண்டும். ஒன்று குறைந்திருந்தால் சக்கரங்களில் நிற்கும்போது உருளை ஒரு பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கத்துப் பற்கள் தரையை உரசும். எனக்கு வந்ததில் இடது டயர் தளர்ந்திருந்தது.

இந்த என்ஜின் ஆயில் இல்லாமல்தான் வருகிறது. கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டை தொங்குகிறது, ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், அதை அவிழ்க்காமல் கயிற்றை இழுக்கவே முடியாது. அருமையான ஏற்பாடு. ஆயில் 10டபிள்யூ-30, கொள்ளளவு 0.56 லிட்டர். முழுவதையும் ஒரேயடியாகக் கவிழ்க்காமல், கொஞ்சம் குறைவாக ஊற்றி, சமதளத்தில் நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மரையில் திருகாமல் அப்படியே செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். ஆயில் குறைந்தால் என்ஜினைத் தானே நிறுத்தும் அமைப்பு இந்த வரிசை என்ஜின்கள் சிலவற்றில் உண்டு. அதை நம்பி அளவு பார்க்காமல் விடுவது சரியல்ல.

பெட்ரோல் ஊற்றுவதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி எங்கோ மூலையில் எரியும் ஒரு சிறு சுடரைக்கூடத் தேடிப் போய்ச் சேரும். கேனை வண்டியில் வைத்தபடி நிரப்பாமல் தரையில் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி உண்டாகும் வாய்ப்பு குறையும். தொட்டி இரண்டு லிட்டர் கொள்ளும், கழுத்துவரை நிரப்பாமல் விரிவடைய இடம் விடுங்கள். பிறகு கேனை மூடித் தூரமாகக் கொண்டுபோய் வையுங்கள். சிந்தியிருந்தால் துடைத்து, ஆவி கலையும்வரை காத்திருங்கள். வேலை நடுவில் பெட்ரோல் தீர்ந்தால் என்ஜின் ஆறிய பிறகே தொட்டியைத் திறக்க வேண்டும். சைலன்சரும் தொட்டியும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிட்டால் இதை யாரும் சொல்லத் தேவையிருக்காது.

இனி பற்கள். ஒவ்வொன்றும் போல்ட்டில் மாட்டப்பட்டிருக்கிறது. உருளையைக் கையால் மெல்லச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். சோதித்து முடித்த போல்ட்டின் தலையில் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு இல்லாதது எதுவும் மிஞ்சக்கூடாது. இந்த வேலைக்குச் சலிப்புத் தட்டும், செய்யத்தான் வேண்டும். ஓடும்போது கழன்ற பல் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் கையேட்டில் சொன்ன அளவுக்குத் தளர்வு இருக்க வேண்டும். அதிகம் தளர்ந்தால் பல்சக்கரத்திலிருந்து நழுவும், அதிகம் இறுகினால் பேரிங்கைத் தின்னும். எனக்கு வந்ததில் சரியாக இருந்தது. செயினுக்கும் பெல்ட்டுக்கும் மேலே உள்ள தகட்டு மூடிகளை மாட்டாமல் ஒரு நொடிகூட இயக்க வேண்டாம்.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

கைப்பிடியின் குறுக்கே ஒரு பிடிகம்பி இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் பெல்ட் இறுகி உருளை சுழலும். விட்டால் பெல்ட் தளர்ந்து உருளை நிற்க வேண்டும். தடுக்கி விழுந்தாலும், மயங்கினாலும், கை தானாக விட்டுப்போகும், இயந்திரம் நிற்கும். ஓடத் தொடங்கிவிட்ட பிறகு மனிதருக்கும் பற்களுக்கும் நடுவில் நிற்பது இந்தக் கம்பிதான். எனவே புல்லில் இறக்குவதற்கு முன் இதைச் சோதிக்காமல் விடுவது என்னால் ஏற்கவே முடியாத ஒன்று.

சோதனையை இப்படிச் செய்தேன். இயந்திரம் சமதளத்தில், சக்கரங்களின் மேல், பற்கள் தரையைத் தொடாத உயரத்தில். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. முன்பக்கம் யாரும் இல்லை, தம்பி பக்கவாட்டில் தள்ளி நின்று உருளையைப் பார்க்கிறான். பிளக் வயரைத் திரும்ப மாட்டி, பெட்ரோல் வால்வைத் திறந்து, சோக் போட்டு, பிடிகம்பியைத் தொடாமலேயே கயிற்றை இழுத்தேன். என்ஜின் இரண்டாம் இழுப்பில் பிடித்தது. சோக்கை மெல்ல விலக்கினேன்.

உருளை சுற்றியது. என் கை பிடிகம்பியில் இல்லை, இருந்தாலும் அது ஊர்ந்துகொண்டிருந்தது.

உடனே என்ஜினை நிறுத்தினேன். “அக்கா, மெதுவாகத்தானே சுற்றுகிறது, தரையில் வைத்தால் நின்றுவிடாதா?” என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஈரமண்ணில் இறக்கினால் அந்த ஊர்தல் நின்றிருக்கவும் கூடும். அப்படி நின்றால் பிரச்சினை மறைந்திருக்கும், தீர்ந்திருக்காது. பற்களில் சிக்கிய வேரை எடுக்கலாம் என்று ஒருவர் பிடிகம்பியை விட்டுவிட்டு, என்ஜினை அணைக்காமல் முன்னால் போய்க் குனிகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்யக்கூடாத செயல்தான், ஆனால் மனிதர்கள் செய்கிறார்கள். அந்த நேரத்தில் ஊரும் உருளை விரலைச் சுருட்டி உள்ளே இழுத்துவிடும்.

காரணம் எளிது. கிளட்ச் கேபிளைத் தொழிற்சாலையில் தேவைக்கு மேல் இறுக்கியிருந்தார்கள். பிடிகம்பி விட்ட நிலையிலும் பெல்ட் லேசாகப் பிடித்தபடியே இருந்தது. என்ஜின் ஆறிய பிறகு பிளக் வயரை மறுபடி கழற்றி, கேபிளின் முனையில் உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பினேன். பிடிகம்பியை அழுத்தத் தொடங்கும்போது முதலில் கொஞ்ச தூரம் எந்த இறுக்கமும் இல்லாமல் வர வேண்டும், அதன் பிறகே பெல்ட் பிடிக்க வேண்டும். அந்த வெற்று அசைவு வந்ததும் பூட்டு நட்டை இறுக்கி, வயரை மாட்டி, மறுபடி அதே சோதனை. இம்முறை என்ஜின் ஓட, உருளை அசையாமல் நின்றது. பிடிகம்பியை அழுத்தினேன், சுழன்றது. விட்டேன், நின்றது. முழு வேகத்திலும் அப்படியே. தம்பியையும் கைப்பிடியைப் பிடித்துச் செய்து பார்க்கச் சொன்னேன். இயக்கப்போகிறவர் ஒவ்வொருவரின் கைக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும்.

கையேட்டில் இந்தச் சோதனை எங்கே இருக்கிறது தெரியுமா? பின்பகுதியில், பராமரிப்பு அட்டவணைக்கு அடுத்து, “கேபிள் சரிசெய்தல்” என்ற தலைப்பின் கீழ். முதல் பயன்பாட்டுக்கு முன் செய்ய வேண்டியவை என்ற பட்டியலில் ஆயில் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, டயர் இருக்கிறது, இது மட்டும் இல்லை. இயந்திரத்தின் மேல் எனக்குள்ள ஒரே கடுமையான குறை இதுதான். கேபிள் இறுக்கமாக வருவது தொழிற்சாலையில் நடக்கக்கூடியது. அதைக் கண்டுபிடிக்கும் வழியை வாங்குபவரிடம் முதல் பக்கத்திலேயே சொல்லாமல் விடுவதற்குச் சமாதானம் கிடையாது. ஆயிலுக்குச் சிவப்பு அட்டை கட்டத் தெரிந்தவர்களுக்குப் பிடிகம்பிக்கும் ஓர் அட்டை கட்டத் தெரியும். என்ஜினைக் காப்பாற்ற எடுத்த அக்கறையை மனிதரைக் காப்பாற்றவும் எடுக்க வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன்.

வாடகைக்கு எடுப்பவர்களும் இந்தச் சோதனையை எடுக்கும் இடத்திலேயே செய்யச் சொல்லிக் கேளுங்கள். பல கைகள் மாறிய இயந்திரத்தில் கேபிள் எந்த நிலையில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சில மாடல்களில் பிடிகம்பியை விட்டால் என்ஜினே நின்றுவிடும், சிலவற்றில் உருளை மட்டும் நிற்கும். எது உங்கள் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் நகர வேண்டும். பிடிகம்பியைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தால், அந்த இயந்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

தரையையும் தயார் செய்ய வேண்டும். இறுகிக் காய்ந்த மண்ணில் பற்கள் இறங்காது, இயந்திரம் துள்ளும், கைப்பிடி கையைவிட்டுப் பறிபோகும். முந்தைய நாள் நன்றாக நீர் பாய்ச்சி, சேறாக இல்லாமல் ஈரமாக இருக்கும் நிலையில் வேலை செய்வது நல்லது. புல்லை முன்பே வெட்டிவிட்டால் தரையில் கிடப்பது கண்ணுக்குத் தெரியும். கல், கம்பி, உடைந்த குச்சி, குழந்தைகளின் பொம்மை எல்லாவற்றையும் பொறுக்குங்கள். தெளிப்பான் தலைகள், வால்வுப் பெட்டிகள், ஆழமில்லாமல் புதைத்த நீர்க்குழாய்கள், தோட்ட விளக்குகளின் கம்பிகள் இருக்கும் இடங்களில் சிறு கொடி நட்டு அடையாளம் வையுங்கள். ஏழு சென்டிமீட்டர் குறைந்த ஆழம்போல் தோன்றும், தோட்ட விளக்குக் கம்பிகள் அதைவிட மேலேயே கிடப்பதுண்டு. புதைந்த கம்பி எங்கே போகிறது என்று தெரியாவிட்டால், தெரிந்துகொள்ளும்வரை அந்தப் பகுதியைத் தொடாதீர்கள். மரத்தின் மேல்வேர்களையும் விட்டுவிட வேண்டும்.

உடை பற்றிச் சுருக்கமாக: முனையில் இரும்பு வைத்த காலணி, நீளமான காற்சட்டை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பான். தொங்கும் துணி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் வேண்டாம். ஓடும் இடத்திலிருந்து குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் விலகியிருக்க வேண்டும், ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதும் கூடாது. கொட்டகைக்குள் என்ஜினைச் சூடேற்றிக்கொண்டு வரலாம் என்ற எண்ணம் அறவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டால் மட்டும் அது போய்விடாது.

எடைக்கட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். கூடுதல் ஆழம் வேண்டுமானால் மேலே மாட்டிக்கொள்ள இரும்புக் கட்டிகள் தந்திருக்கிறார்கள். முதல் ஓட்டத்தில் அவற்றை மாட்டவில்லை, நீங்களும் மாட்ட வேண்டாம். இயந்திரத்தின் இழுப்பு கைக்குப் பழகிய பிறகு, என்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் சமமாக மாட்டி, பூட்டு ஊசி சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். சரிவான தரைக்கு எவ்வளவு சாய்வு வரை கொண்டுபோகலாம் என்பதை அவரவர் மாடலின் கையேடு சொல்லும் எல்லையில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

புல்லுக்குச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு போய், அங்கே நிறுத்தி, அங்கேதான் பற்களை இறக்கினோம். சிமெண்ட் பாதையில் இறக்கினால் பற்கள் உடைவதோடு இயந்திரம் முன்னால் பாயும். குறைந்த வேகத்தில், திறந்த நடுப்பகுதியில், நேர்கோட்டில் முதல் ஓட்டம். உருளைதான் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போகிறது. நாம் தள்ளத் தேவையில்லை, கூட நடந்தால் போதும். இந்த மாடலில் திரும்புவதற்கு முன் பற்களை மேலே தூக்கியே ஆக வேண்டும். தரையில் இருக்கும்போது திருப்பினால் புல் கிழியும், பல் வளையும். தூக்கும் நெம்புகோல் நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது, காலால் மிதித்தால் எளிதாக ஏறுகிறது, பூட்டு விழும் ஒலி என்ஜின் சத்தத்திலும் கேட்கிறது. பின்னோக்கி இழுத்துக்கொண்டு நடப்பதை மட்டும் தவிருங்கள், நம் கால் இருக்கும் திசை அதுதான்.

இயந்திரம் செய்த வேலை எனக்குத் திருப்தி. மண் உருளைகள் முழுசாக, ஒரே நீளத்தில் விழுந்தன. அதிர்வு கைக்கு வருகிறது, கைப்பிடியின் ரப்பர் உறை இன்னும் தடிமனாக இருந்திருக்கலாம். அடிக்கடி நின்று கையை உதறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரிய புல்தரை வைத்திருப்பவர்கள், விளையாட்டுத் திடல்களைப் பராமரிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம், அமைப்பதற்கு ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்குவதாக இருந்தால். வீட்டு முன்புறத்தில் நான்கு பாய் விரிக்கும் அளவே புல் இருக்கிறது என்பவர்களுக்கு இந்த எடையும் இந்த விசையும் தேவையில்லை. காலால் மிதித்துக் குத்தும் குழாய்ப்பல் கருவியே போதும்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு என்ஜின் ஆறியதும், வயரைக் கழற்றி, சாக்பீஸ் கோட்டோடு எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி பார்த்தேன். பற்களில் இரண்டு, கைப்பிடியில் ஒன்று சற்றுத் தளர்ந்திருந்தன. புது பெல்ட் ஓடியதும் கொஞ்சம் நீளும், அதனால் பிடிகம்பியின் வெற்று அசைவும் மாறியிருந்தது, அதையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆயிலை முதல் மாதத்தில் அல்லது 20 மணி நேர ஓட்டத்தில், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது ஹோண்டாவின் கையேடு. அந்தக் கணக்கை எழுத ஒரு சிறு நோட்டை இயந்திரத்தின் பக்கத்திலேயே மாட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பிடிகம்பியைச் சோதித்தோமா என்பதற்கும் அதில் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன், இயக்குபவர் கையெழுத்திட வேண்டும்.